டிரை-பவர் ஜிடிஓ: மூன்று கார்புரேட்டரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம் ஆட்களில் பழைய அமெரிக்கக் கார் மேல் ஆசைப்படுபவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் நின்று பழைய கார் ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். என்னிடம் ஒரு 1966 பான்டியாக் ஜிடிஓ இருப்பது தெரிந்து சிலர் கேட்கிறார்கள், மூன்று கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் சாமான்) வைத்த வண்டி வாங்கலாமா, அது நிஜமாகவே அவ்வளவு தொல்லையா என்று. போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். நான் தொடங்கியபோது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தால் ஒரு கேம்ஷாஃப்டும் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), ஒரு கோடைகாலமும், நாலாயிரம் டாலருக்குமேல் பணமும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் இது என்ன சாமான் என்று தெரியாதவர்களுக்கு. 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது, நடுத்தர அளவுக் காருக்கு 330 கன அங்குலத்துக்குமேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியன் தலைமையில் இருந்த பொறியாளர்கள் அதற்குள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதல் வசதி என்ற பெயரில் பெரிய காரின் 389 கன அங்குல இன்ஜினை வைத்து விற்றுவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. 1966-ல் அது தனி மாடலாகி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 97 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக விற்றது. அதில் சுமார் 19 ஆயிரம் வண்டிகளில்தான் டிரை-பவர், அதாவது இரண்டு வாய் கொண்ட ராச்செஸ்டர் கார்புரேட்டர் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி). சாதாரண நாலு வாய்க் கார்புரேட்டரோடு 335 குதிரைத்திறன், டிரை-பவரோடு 360. அடுத்த வருடமே கார்வெட் போன்ற ஓரிரண்டு தவிர மற்ற கார்களில் ஒன்றுக்குமேல் கார்புரேட்டர் கூடாது என்று மேலிடம் தடை போட்டது. பான்டியாக்காரர்கள் 1967-ல் 400 கன அங்குல இன்ஜினில் குவாட்ராஜெட் என்ற ஒற்றைக் கார்புரேட்டரை வைத்து அதே 360-ஐக் காட்டினார்கள். அதனால் வேகம்தான் வேண்டும் என்றால் ஒரு நல்ல குவாட்ராஜெட்டை மாட்டிக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. டிரை-பவர் என்பது பானெட்டைத் திறந்தால் மூன்று குட்டி ஏர் கிளீனர் வரிசையாகத் தெரிகிறதே, அதற்காகவும், முழுசாக மிதித்தவுடன் வரும் அந்தச் சத்தத்துக்காகவும் வாங்குவது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு வீட்டில் கணக்குக் கேட்கும்போது பொய் சொல்ல வேண்டியிருக்காது.

நான் வாங்கிய வண்டி ஒஹாயோவில் ஒரு பெரியவரிடம் இருந்தது. முப்பதாயிரம் டாலருக்குச் சற்றுக் கீழே. ஓடிக்கொண்டிருந்த வண்டிதான், ஆனால் நாலு வாய்க் கார்புரேட்டரோடு. டிரை-பவர் மேனிஃபோல்டும் கார்புரேட்டர்களும் டிக்கியில் ஒரு அட்டைப் பெட்டியில், செய்தித்தாள் சுற்றிக் கிடந்தன. "இதன் அசல் சாமான் இதுதான், தொல்லை தாங்காமல் கழற்றி வைத்தேன்" என்றார். இப்படிச் சொல்பவர் எல்லாரும் பொய் சொல்வதில்லை, ஆனால் காகிதம் இல்லாமல் நம்பக் கூடாது. 1966 ஜிடிஓவின் வண்டி எண் (பதிவுப் பலகை எண் இல்லை, தொழிற்சாலையில் கொடுத்த எண்) 242 என்று தொடங்க வேண்டும், அது ஜிடிஓ என்பதற்கு அத்தாட்சி. (64, 65-ல் வண்டி எண் லெமான்ஸோடு ஒன்றாகவே இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.) ஆனால் எந்த இன்ஜின், எந்தக் கார்புரேட்டர் என்பது வண்டி எண்ணில் இருக்காது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒரு இடம் இருக்கிறது, கட்டணம் கட்டி வண்டி எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் தொழிற்சாலையில் இருந்து என்னென்ன சாமானோடு வெளியே வந்தது என்ற பழைய பில்லின் நகலைத் தருவார்கள். அதோடு இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்கம், ஹெட்டுக்குக் கீழே இரண்டு எழுத்து குத்தியிருக்கும். மேனுவல் கியர் டிரை-பவர் என்றால் 'டபிள்யூ எஸ்' என்று இருக்க வேண்டும். என் வண்டிக்கு இரண்டும் சரியாக இருந்தன. விலை பேசும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள், நகலுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான்.

அந்த அட்டைப் பெட்டியில்தான் முதல் வம்பு. மூன்று கார்புரேட்டரில் நடுவில் வருவது 66-க்கு உரியது இல்லை. 66-ல் நடுக் கார்புரேட்டரைப் பெரிதாக்கினார்கள், மேனிஃபோல்டில் அதற்கான வாயும் பெரியது. பெட்டியில் இருந்ததோ முந்தைய வருடங்களின் சின்னது. யாரோ எங்கேயோ மாற்றியிருக்கிறார்கள். சரியானதைத் தேடி ஒரு பழைய சாமான் சந்தையில் 450 டாலருக்கு வாங்கினேன். டிரை-பவர் வாங்கும்போது ஒவ்வொரு கார்புரேட்டரின் எண்ணையும் தனித்தனியாகச் சரிபாருங்கள், மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே ஒன்றுக்கொன்று வேறு. நடுவில் இருப்பதில்தான் சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் கதவு) உண்டு, ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சரிசெய்யும் திருகு உண்டு, பவர் வால்வு (நன்றாக மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது) உண்டு. முன்னும் பின்னும் இருப்பவற்றில் இதெல்லாம் கிடையாது. சாதாரணமாக ஊருக்குள் ஓட்டும்போது நடுவில் இருப்பது ஒன்றுதான் வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் நன்றாக மிதித்த பிறகுதான் மற்ற இரண்டும் திறக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இதை வேக்குவம் (இன்ஜின் உறிஞ்சும் இழுவை) இழுத்துத் திறக்கும், என் மாதிரி மேனுவல் வண்டியில் வெறும் கம்பி இணைப்பு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மீதிப் பாதி எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

இன்ஜினை ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சிலிண்டரை உள்ளே கடைந்து, பிஸ்டன் மாற்றி, கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) குறைத்துக் கட்டினேன். தொழிற்சாலையில் 10.75-க்கு 1, அன்றைய பெட்ரோலுக்கு அது சரி. இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேனுக்கு இரும்பு ஹெட்டோடு 9.5 பக்கம் இருந்தால்தான் நாக்கிங் வராமல் இருக்கும். அவர்கள் வேலையில் எனக்குக் குறை இல்லை. கார்புரேட்டர் மூன்றையும் வேறு மாநிலத்தில் உள்ள ஒரு ரீபில்டு செய்யும் கடைக்குப் பார்சலில் அனுப்பினேன். ஆயிரத்து நூறு டாலர். திரும்பி வந்தபோது பொன்னிறத்தில் பளபளவென்று இருந்தன, எடுத்து வைத்துப் போட்டோ எல்லாம் பிடித்தேன். வெளியே பளபளப்பதற்கும் உள்ளே வேலை நடந்திருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது இதில் பெரிய நஷ்டத்துக்கு வருகிறேன். இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்டின் மேல் லிஃப்டர் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் துண்டு) தட்டையாக உரசிக்கொண்டு ஓடும். புதுக் கேம் போட்டால் ஸ்டார்ட் ஆன அந்த நிமிடத்திலிருந்து இருபது முப்பது நிமிடம் 2000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல், கொஞ்சம் ஏற்றி இறக்கி, நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். கேமுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் சுற்றித் தெளிப்பதில்தான் போகிறது, ஐடிலில் விட்டால் தெளிப்பு போதாது. அதோடு ஜிங்க் அதிகம் உள்ள எண்ணெய் ஊற்ற வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண எண்ணெயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற ஜிங்கைக் குறைத்துவிட்டார்கள். எண்ணெய் சரியாகத்தான் ஊற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டிரில் வைத்து ஆயில் பம்பைச் சுற்றி, இன்ஜினின் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரை எண்ணெய் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டு, சாவியைத் திருப்பினேன். பிடித்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது, முன் கார்புரேட்டரின் மூடி ஓரத்தில் இருந்து பெட்ரோல் கசிந்து மேனிஃபோல்டு மேல் சொட்டுவதைப் பார்த்தேன். உடனே அணைத்தேன். ஃப்ளோட்டின் நீடில் (பெட்ரோல் நிரம்பியதும் வரத்தை அடைக்கும் ஊசி) அடைக்கவில்லை. கழற்றி, ஊதி, திரும்ப மாட்டி, திரும்ப ஸ்டார்ட் செய்தால் இந்தத் தடவை பின்னால் இருப்பது வழிகிறது. கருப்புப் புகை, பிளக் எல்லாம் கரி, இன்ஜின் 800-ல் தடுமாறி நிற்கிறது, ஸ்டார்ட்டரை அரைத்துக்கொண்டே இருக்கிறேன். கையில் தீயணைப்பான் வேறு. கேமின் மேல் பூசியிருந்த அசெம்பிளி பசையை அந்த அரைப்பே துடைத்திருக்கும்.

கடைசியில் எப்படியோ இருபது நிமிடம் ஓட்டி முடித்தேன். மறுநாள் ஒரு பக்கத்தில் மட்டும் டக்டக் என்று சத்தம், ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, உள்ளே இருந்த மடிப்புத் தாளைப் பிரித்து வெயிலில் காட்டினேன். மடிப்பு மடிப்பாக வெள்ளிப் பொடி. காந்தத்தை வைத்தால் மீசை முளைக்கிறது. ராக்கர் மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டு ராக்கர் மற்றவை ஏறும் உயரத்தில் பாதிதான் ஏறுகின்றன. கேமில் வால்வைத் தூக்கும் மூக்குகளில் இரண்டு தேய்ந்து போயிருந்தன. அந்தப் பொடி எண்ணெயோடு பேரிங் வரை போயிருக்கும் என்பதால் இன்ஜினை வெளியே எடுத்து முழுக்கப் பிரிக்க வேண்டியிருந்தது. புதுக் கேம், லிஃப்டர், பேரிங், கேஸ்கெட், மெஷின் ஷாப் கூலி, எல்லாம் சேர்ந்து மூவாயிரத்துக்குமேல். அன்று இரவு கராஜில் உட்கார்ந்து வண்டியை அப்படியே விளம்பரம் போட்டு விற்றுவிடலாமா என்று விலைகூடப் பார்த்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, பெட்ரோல் நாத்தம் மாடி வரைக்கும் வருது. அந்த மூணையும் தூக்கிப் போட்டுட்டு ஒண்ணையே மாட்டினா வண்டி ஓடாதா?" என்று கேட்டாள். ஓடும், அதுதான் கொடுமை.

ஆகவே முதல் பாடம், புதுக் கேமை ஓட்டிப் பழக்கும் நாளில் டிரை-பவரை மாட்டவே மாட்டாதீர்கள். நல்லபடி ஓடிக்கொண்டிருந்த நாலு வாய்க் கார்புரேட்டரையும் அதன் மேனிஃபோல்டையும் போட்டு ஓட்டுங்கள். சொந்தமாக இல்லை என்றால் கடன் வாங்குங்கள், பான்டியாக் வைத்திருப்பவர்கள் இதற்குக் கொடுப்பார்கள். ஒன்று மட்டும் கவனம், 64 இன்ஜினின் மேனிஃபோல்டு 65-க்குப் பிந்தைய ஹெட்டில் உட்காராது, போல்ட் வரிசையே வேறு. இரண்டாவது தடவை நான் அப்படித்தான் செய்தேன், வண்டியோடு வந்த பழைய கார்புரேட்டர் கராஜ் மூலையில் இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்தது, அரை மணி நேரம் முணுமுணுக்காமல் ஓடியது. அதே போல, ரீபில்டு செய்து வந்த கார்புரேட்டரை இன்ஜினில் வைக்கும் முன் மேஜை மேலேயே வைத்துச் சோதிக்கலாம். ஒரு சின்ன மின்சாரப் பம்பும் அழுத்தக் கடிகாரமும் இருந்தால் போதும், ஐந்து ஆறு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் கொடுத்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். வழிந்தால் அங்கேயே வழியட்டும். இதைக் கண்டிப்பாக வீட்டுக்கு வெளியே, தீப்பொறி எதுவும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். நான் வாங்கிய புதுப் பெட்ரோல் பம்பு ஏழுக்கு மேல் தள்ளிக்கொண்டிருந்தது, நீடில்கள் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். மாற்றிய பிறகு வழிவது நின்றது.

அடுத்த கட்டம் பண நஷ்டம் குறைவு, ஆனால் மனக்கஷ்டம் அதிகம். டிரை-பவரைத் திரும்ப மாட்டினேன். வழியவில்லை, ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலிங் 1200-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ஐடில் ஸ்பீடு திருகை முழுக்கப் பின்னால் எடுத்தாலும் அப்படியே. நடுக் கார்புரேட்டரில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் இரண்டு திருகையும் முழுசாக அடைத்தாலும் இன்ஜின் கவலையே படுவதில்லை, திறந்தாலும் அப்படியே. வேக்குவம் கடிகாரம் 12 அங்குலத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறது, இந்த இன்ஜினுக்கு 18 பக்கம் வர வேண்டும். ரீபில்டு செய்த கடைக்குப் போன் செய்தால், "எங்கள் கார்புரேட்டரில் குறை இருக்காது, உங்கள் இன்ஜினில் எங்கேயோ ஏர் பிடிக்கிறது" என்றார்கள். ஏர் பிடிக்கிறது என்பது சரிதான், எங்கே என்பதுதான் கேள்வி.

எல்லாரும் சொல்வது போல முதலில் இக்னிஷனைச் சரி செய்தேன், அது நல்லதற்குத்தான். கார்புரேட்டர் கோளாறு என்று நாம் நினைப்பதில் பாதி கரண்ட் கோளாறாக இருக்கும். பாயிண்ட், கண்டென்சர் மாற்றி, டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் அளவு) 30 டிகிரி வைத்தேன். டைமிங் (பிளக் எப்போது பொறி விடுகிறது என்பது) பார்க்கும்போது அடையாளக் கோடு சொல்வதும் இன்ஜின் நடந்துகொள்வதும் ஒத்துப்போகவில்லை. முன்பக்கத்து டாம்பரில் (கிராங்க் முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது, அறுபது வருடத்தில் அது தளர்ந்து வெளி வளையம் நழுவியிருக்கும். அப்புறம் அந்தக் கோட்டை நம்பி என்ன டைமிங் வைத்தாலும் வீண். பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பரை விட்டு, இரண்டு பக்கமும் கையால் சுற்றி, நடுப்புள்ளி எடுத்தால்தான் உண்மையான மேல்நிலை தெரியும். என்னுடையது பத்து டிகிரிக்குமேல் தள்ளியிருந்தது. புது டாம்பர் போட்டேன். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, முழு டைமிங் 34 டிகிரி வருகிற மாதிரி வைத்தேன், ஐடிலில் அது பத்தை ஒட்டி வந்தது. பிக்கப் நன்றாகக் கூடியது. ஐடிலிங் மட்டும் அதே 1200.

பிறகு மேனிஃபோல்டைச் சந்தேகப்பட்டேன். பான்டியாக்கில் இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்கம் டைமிங் கவரோடு ஒரு ரப்பர் வளையத்தை வைத்து, நீளமான ஒரு போல்ட்டால் இழுத்துச் சேர்ப்பார்கள். அந்தப் போல்ட்டை முதலில் இறுக்கி, அப்புறம்தான் மற்ற போல்ட்களை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே தண்ணீர் ஒழுகும். அதைத் திரும்பச் செய்தேன். பற்றவைக்காத புரோப்பேன் குழாயைக் கேஸ்கெட் ஓரமாக எல்லாம் காட்டி, ஆர்.பி.எம். எங்கேயாவது மாறுகிறதா என்று பார்த்தேன். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை விட இது பரவாயில்லை, சூடான எக்ஸாஸ்டில் பட்டுப் பற்றிக்கொள்ளும் பயம் குறைவு, ஆனால் இதற்கும் கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். நடு, முன், பின், மேனிஃபோல்டு ஓரம், பிரேக் பூஸ்டர் குழாய், ஓரிடத்திலும் மாற்றம் இல்லை. இப்படியே சாயங்காலங்கள் போய்க்கொண்டிருந்தன. உட்வர்ட் கார் ஊர்வலமும் வந்து போனது, நான் அன்றைக்கு நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு மற்றவர்கள் காரைப் பார்த்தேன்.

மீதிப் பாதிக் கிணறு இதுதான். வெளியே எங்கேயும் கசிவு இல்லை என்றால் காற்று நேர்வழியில்தான் வருகிறது, அதாவது முன், பின் கார்புரேட்டர்களின் சொந்த வாய் வழியாகவே. ஐடிலில் அந்த இரண்டின் த்ராட்டில் தகடும் (காற்றுப் பாதையைத் திறந்து மூடுவது) பொட்டுக் காற்று விடாமல் அடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காற்றுக்குச் சரியாகப் பெட்ரோல் கலக்கும் வழி அங்கே இல்லை. சாதாரணக் கார்புரேட்டரில் த்ராட்டில் தகடு மயிரிழை திறந்திருந்தால் ஒன்றும் இல்லை, ஐடிலில் எப்படியும் கொஞ்சம் திறந்துதான் இருக்கும். இதில் அப்படியில்லை. இரண்டு கார்புரேட்டர், நாலு தகடு, நாலிலும் மயிரிழை என்றால் இன்ஜினுக்கு அது ஒரு பெரிய ஓட்டை.

இதைச் சோதிப்பது எவ்வளவு சுலபம் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இன்ஜினை ஐடிலில் விட்டு, முன் கார்புரேட்டரின் ஏர் கிளீனரைக் கழற்றி, அதன் வாயைத் தட்டையான ஒரு பிளாஸ்டிக் பலகையால் மூடிப் பாருங்கள் (கையால் மூடாதீர்கள், பேக்ஃபயர் அடித்தால் கை வெந்துவிடும்). ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்ல கார்புரேட்டர். ஆர்.பி.எம். விழுந்தால் கள்ளன் அதுதான். எனக்கு முன்னால் மூடியபோது 1200-லிருந்து 900-க்கு விழுந்தது, பின்னால் மூடியபோது இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் உறுதிசெய்ய மெல்லிய அலுமினியத் தகட்டில் இரண்டு அடைப்பு வெட்டி, முன், பின் கார்புரேட்டர்களுக்கு அடியில் கேஸ்கெட்டோடு வைத்து, அவற்றுக்குப் போகும் பெட்ரோல் குழாயையும் அடைத்து, இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். இப்போது அது வெறும் ஒற்றைக் கார்புரேட்டர் வண்டி. திருகைத் தொட்டதும் இன்ஜின் பேசுகிறது. ஐடிலிங் 750-ல் நிற்கிறது, வேக்குவம் 18. எத்தனையோ வாரமாக என்னோடு மல்லுக்கட்டிய இன்ஜின் அதுதானா என்று எனக்கே சந்தேகம்.

கழற்றிய இரண்டையும் இருட்டில் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். த்ராட்டில் மூடியிருக்கும்போதும் தகட்டின் ஓரத்தில் பிறை பிறையாக வெளிச்சம். கடைக்காரர்கள் பாலிஷ் போடத் தகடுகளைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது நடுவில் உட்கார வைக்கவில்லை. முன் கார்புரேட்டரில் ஷாஃப்ட் போகும் ஓட்டையே முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது, அதற்குப் புஷ் (தேய்ந்த ஓட்டைக்குள் வைக்கும் வளையம்) போட வேண்டும், போடவே இல்லை. தகட்டைப் பிடிக்கும் திருகுகளின் நுனியைத் தட்டி விரித்திருப்பார்கள், கழன்று இன்ஜினுக்குள் விழக் கூடாது என்பதற்காக. அந்த விரிப்பை அரத்தால் ராவிவிட்டுத் திருகைத் தளர்த்தி, ஷாஃப்டை மூடிய நிலையில் அழுத்திப் பிடித்துத் தகட்டைத் தானாக உட்கார விட்டு, திரும்ப இறுக்கி, லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு, நுனியைத் தட்டி விரிக்க வேண்டும். வெளிச்சம் நின்றால் வேலை முடிந்தது. பின்னால் இருப்பதை நானே செய்தேன், முன்னால் இருப்பதைப் பக்கத்து ஊர் மெஷின் ஷாப்பில் கொடுத்துப் புஷ் போட்டேன், 180 டாலர். ரீபில்டுக்கு அனுப்புபவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பார்சல் கட்டுங்கள்: ஷாஃப்ட் தேய்மானத்துக்குப் புஷ் போடுவீர்களா, முன், பின் தகடுகளை வெளிச்சத்தில் பார்ப்பீர்களா, அனுப்பும் முன் ஓடும் இன்ஜினில் மாட்டிப் பார்ப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு இழுத்தால் வேறு கடை பாருங்கள்.

நடுவில் இருப்பதை மட்டும் வைத்து ஐடிலிங், டைமிங், சாதாரண ஓட்டம் எல்லாம் சரியான பிறகே மற்ற இரண்டையும் சேருங்கள். சேர்த்த பிறகு ஐடிலிங்கில் ஒரு மாற்றமும் இருக்கக் கூடாது. மாற்றம் இருந்தால் திரும்ப அடைப்புத் தகடுதான். இணைப்புக் கம்பியைச் சரிசெய்யும்போது இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை உள்ளே உட்கார்ந்து பெடலை முழுசாக மிதிக்கச் சொல்லி மேலிருந்து பாருங்கள். நடுவில் இருப்பது முழுசாகத் திறக்கும் அதே நேரம் மற்ற இரண்டும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும், பெடலை விட்டதும் மூன்றும் பட்டென்று மூட வேண்டும். ஸ்பிரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். திறந்த கார்புரேட்டர் திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று 360 குதிரைத்திறன் வண்டியில் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் சென்சார் மாட்டிவிட்டால் மூக்கால் மோந்து பார்த்து ஊகிக்க வேண்டாம். நிதானமாக ஓடும்போது 14 பக்கமும், முழு மிதியில் 12.5-லிருந்து 12.8-க்குள்ளும் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். ராச்செஸ்டர் ஜெட்டில் குத்தியிருக்கும் எண் ஓட்டையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, அதனால் கணக்கிடச் சுலபம். இப்போதைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய அளவு கொஞ்சம் வறட்சியாக வந்தது, இரண்டு எண் ஏற்றினேன். முன், பின் கார்புரேட்டர்களில் பவர் வால்வு இல்லாததால் முழு மிதியின் கலவை அங்கே ஜெட் கையில்தான். மாற்றும்போது ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், எழுதி வைத்துக்கொண்டு.

அந்த எத்தனால் இன்னொரு வேலையும் செய்யும். இந்த மேனிஃபோல்டில் நடுக் கார்புரேட்டருக்கு அடியில் எக்ஸாஸ்ட் சூடு போகும் பாதை இருக்கிறது, குளிர்காலத்தில் சீக்கிரம் சூடேற. கோடையில் வண்டியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கடைக்குள் போய் வந்தால் கார்புரேட்டரில் இருக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் கொதித்து உள்ளே சொட்டியிருக்கும், ஸ்டார்ட் ஆகாது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அது ஊற வைத்துக் கெடுத்துவிடும், அதனால் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். எனக்குப் பக்கத்தில் எத்தனால் கலக்காத 90 ஆக்டேன் பெட்ரோல் விற்கும் பங்கு ஒன்று இருக்கிறது. நவம்பரில் வண்டியை மூடி வைக்கும் முன் கடைசி டேங்க் அதுதான், ஓட்டும்போது 93.

முன், பின் கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோலையும் மறக்கக் கூடாது. மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் அவை திறக்கவே திறக்காது, உள்ளே இருப்பது ஆவியாகி, பம்பு திரும்ப நிரப்பி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிசின் படிந்துகொண்டே வரும். பிறகு ஒருநாள் திறக்கும்போது நீடில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வண்டியை வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, காலியான நெடுஞ்சாலை நுழைவுப் பாதையில் ஒரு தடவையாவது முழுசாக மிதியுங்கள். இதை மனைவியிடம் பராமரிப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை வந்த பிறகு அவள் அதை நம்பவில்லை.

சூட்டில் ஸ்டார்ட் செய்வது மட்டும் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. நடுக் கார்புரேட்டருக்கு அடியில் தடித்த கேஸ்கெட் வைத்ததில் பாதி குறைந்தது. மீதிக்கு, பெடலைத் தட்டித் தட்டிப் பம்ப் அடிக்காமல் பாதி வரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் நாலைந்து விநாடியில் பிடித்துவிடுகிறது. மேனிஃபோல்டில் அந்தச் சூட்டுப் பாதையை அடைக்கும் கேஸ்கெட் கிடைக்கிறது, வரும் குளிர்காலத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சோக் திறக்க அந்தச் சூடு வேண்டும் என்பதால் கூடவே மின்சார சோக் மாட்ட வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் வீட்டில் அனுமதி வாங்கவில்லை.